அரிக்காவில் மே மாதம்

மே 6
சிலி நாட்டின் வடகோடி ஊர். கடல் எதிரிலேயே கிடக்கிறது, மழை மட்டும் கிடையாது. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 1 மில்லிமீட்டர் தேறாது என்கிறார்கள்.

மே 9
கொலோன் தெரு மியூசியம். ஹோட்டல் கட்ட வாங்கிய வீட்டின் அடியில் கிடைத்தவர்களை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். அவர் நடந்து போனார். நான் ஓரத்திலேயே நின்றேன். சின்சோரோ மக்கள், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்து செத்தவர்கள். மீன், சிப்பி, கடல்சிங்கம் இதுதான் சாப்பாடு. ஆண்கள் பலருக்குக் காதுத்துளையில் எலும்பு வளர்ந்திருக்கிறது, குளிர்ந்த கடலில் முங்கி முங்கி.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "வாயும் வயிறுமா இருக்கிறவ பிணம் பாக்கவாடி போவே?"

மே 12
அசாப்பா மியூசியம் போனோம். அம்மாவுக்குத் தெரியாது.

ஒரு குழந்தை. என் முழங்கை நீளம்கூட இருக்காது. உடம்பைப் பிரித்து, எலும்புக்குக் குச்சி கட்டி, சாம்பல் களிம்பு பூசி, மேலே மாங்கனீஸ் கறுப்பு. கண்ணுக்கும் வாய்க்கும் சின்னக் கீறல், தலையில் மனித முடி. பிறக்காத கருவுக்கும் இதே பாடுதான் பட்டிருக்கிறார்கள். 7000 வருஷத்துக்கு முன்னால், எகிப்து மம்மிகளுக்கெல்லாம் வெகு முன்பே. அங்கே ராஜாவுக்குச் செய்தார்கள். இங்கே ராஜாவே இல்லை.

அவர்கள் குடித்த கமரோனெஸ் ஆற்றில் ஆர்சனிக் என்கிற விஷம், குடிநீருக்கான இன்றைய வரம்பைப் போல 100 மடங்கு. அதனால்தான் அத்தனை சிசுக்கள் போயின, அந்தத் துக்கத்தில்தான் இது தொடங்கியது என்பது ஆய்வாளர் பெர்னார்தோ அரியாசாவின் கருத்து. நான் நம்புகிறேன். சில முகங்களில் சாயத்தின் மேல் சாயம் இருக்கிறது. உடனே புதைக்கவில்லை, கூடவே வைத்திருந்து மங்க மங்கப் பூசியிருக்கிறார்கள். போன வருஷம் எங்களுக்குக் கையில் கொடுத்தது ஒரு கவர், அதில் ரிப்போர்ட்.

மே 13
காலையிலிருந்து அசைவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன்.
4 மணிக்கு அசைந்தது.

மே 14
தண்ணீர் கேனில் ஒட்டியிருக்கும் சீட்டை முழுக்கப் படித்தேன். ஆர்சனிக் என்ற பேச்சே இல்லை. இல்லாததால் போடவில்லையா, பார்க்காததால் போடவில்லையா? கமரோனெஸ் தெற்கே எங்கேயோ இருக்கிறது, இது வேறு தண்ணீர் என்று அவர் சொல்கிறார். சரி.

மே 17
அத்தனை ஆயிரம் வருஷம் கெடாமல் இருந்த தோல், மியூசியத்தில் கறுத்துப் பிசுபிசுவென்று கரைகிறதாம். காற்றில் ஈரம் கூடியதும் தோலிலேயே இருக்கும் பாக்டீரியா விழித்துக்கொள்கிறது. படித்ததிலிருந்து ஆத்திரமாக வருகிறது. அவ்வளவு பாடுபட்டு வைத்துவிட்டுப் போன பிள்ளைகள்!

மே 20
நாளை 9 மணிக்கு ஸ்கேன். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் லீவு சொல்லிவிட்டார்.