நாலாம் தேதியே போய்விட்ட படி

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கிற முதல் காலையில் நான் வாசலில் நின்று ஃபெர்ரி வண்டிகளைப் பார்ப்பேன். தொழிலாளர்களை ஏற்றிவரும் பஸ்ஸுக்கு யாங்கோனில் அதுதான் பெயர். மற்ற நாட்களில் நிற்கக்கூட இடமில்லாமல் வரும் வண்டியில் அன்றைக்கு உட்கார்ந்து வருவார்கள். நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாட்களில்தான் பர்மியப் புத்தாண்டும். ஊருக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது வேறு கம்பெனி வாசலில் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் தொழிற்பேட்டைப் பகுதியான லைங்தாயாவில் எந்தத் தெருவில் போனாலும் ஆள் தேவை என்று எழுதிய பலகை தொங்கும்.

ஒரு தையல் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் எனக்குப் பதினோரு வருடமாகிறது. ஆள் நிற்காததற்கு மேலே உள்ளவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: பக்கத்துக் கம்பெனிக்காரன் கூடக் கொடுக்கிறான். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. 2018இல் அரசு வைத்த 4800 கியாட் குறைந்தபட்ச நாள்கூலி அடிப்படையாக அப்படியே நின்றது. 2023 அக்டோபரில் ஓர் ஆயிரம், 2024 ஆகஸ்டில் இன்னோர் ஆயிரம் என்று படிதான் மேலே சேர்ந்தது. அரிசியும் எண்ணெயும் விற்கிற விலைக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் அந்தக் கஷ்டம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. எங்களை மட்டும் ஏன் விட்டுப் போகிறார்கள்?

எனக்கு அதைப் புரியவைத்தது ஐராவதி டெல்டாவில் பியாபோன் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி. எல்லோர் முன்னாலும் என்னை சயாமா என்பாள், பர்மிய மொழியில் டீச்சர், மேடம் என்கிற மாதிரி; தனியாக இருந்தால் அக்கா. காலர் வைப்பதில் அவளுக்கு ஈடு எங்கள் தொழிற்சாலையிலேயே கிடையாது. பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தாள். ஒரு மாதம் நாலாம் தேதி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. பஸ்ஸில் அரை நாள், அப்புறம் படகு. சட்டப்படி வருடத்துக்கு 6 நாள் சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு, அதில் எழுதி அனுப்பினேன். கூலி பிடிக்கவில்லை. ஆனால் மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் வந்தால் கிடைக்கிற 20,000 கியாட் வருகைப்படி போய்விட்டது. கேட்டுக்கொண்டு எடுத்த விடுப்பானாலும் அது போய்விடும், அப்போது எங்கள் விதி அப்படி.

திரும்பி வந்து நாலு நாள் தைத்தாள். பிறகு மூன்று நாள் வரவில்லை. மாதக் கடைசியில் அடியோடு நின்றுவிட்டாள். போன் செய்து கேட்டேன். "படி நாலாந்தேதியே போயிருச்சுக்கா. அதுக்கப்புறம் உடம்பு முடியாத அன்னைக்கு எந்திரிச்சு வர்றதுக்கு எனக்கு என்ன இருக்கு?" என்றாள். வேறு இடத்தில் ஒன்றாம் தேதி புதுக் கணக்கு தொடங்கிவிட்டதாம்.

அன்று ராத்திரி ஆறு மாத வருகைப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், அவள் இருந்த லைனின், அதாவது தையல் வரிசையின், 38 பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் வாரத்தில் ஒரு நாள் விட்டவர்கள் அதே மாதத்தில் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தார்கள். 25ஆம் தேதிக்கு மேல் லீவு போட்டவர்கள் அநேகமாக இல்லை. காய்ச்சலோடு வந்து மெஷின் மேலேயே தலை சாய்த்த பெண்களை நானே எழுப்பியிருக்கிறேன். ஆளைப் பிடித்து வைக்க என்று போட்ட படி, மாதத் தொடக்கத்தில் ஆளைத் துரத்தியது, மாதக் கடைசியில் நோயாளியை இழுத்து வந்தது.

என் கொள்ளுத் தாத்தா மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறி அரிசி ஆலைக்கு வந்தவர். அந்தக் கடன் தீரும் வரை ஆலையை விட்டு நகர முடியாது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதிவேட்டைப் புரட்டும்போது அந்த நினைவு வந்து நெஞ்சை அடைத்தது. எங்கள் பெண்களில் பலர் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழித்த பிறகு யாங்கோனுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். அவர்களுடைய ஊர்க்கவலையைக் குற்றமாக எண்ணுகிற ஒரு கணக்கை நான் பத்து வருடம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்றார். காலருக்குப் புது ஆள் வேகம் பிடிக்க இரண்டு மாதம் ஆகிறது, அதற்குள் எத்தனை சட்டை குறைகிறது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். சரி, ஒரு லைனில் மட்டும் பார்க்கலாம் என்று சம்மதித்தார். வாரத்துக்கு 5000 என்று படியைப் பிரித்தோம். ஒரு வாரம் போனால் அந்த வாரத்தோடு சரி. முன்கூட்டிச் சொல்லி எடுத்த தற்செயல் விடுப்புக்கு வெட்டு இல்லை. அடுத்த திஞ்சானுக்குப் பிறகு ஃபெர்ரியிலிருந்து அந்த லைன் ஆட்கள் 33 பேர் இறங்கினார்கள். முந்தின வருடம் 24.

இது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்த பிறகு, கட்டிங் பகுதியிலும் மெக்கானிக் வேலையிலும் இருந்த பையன்கள் சொல்லாமலே மறைந்தார்கள். பாதிப் பேர் தாய்லாந்தில் இருப்பதாகக் கேள்வி. அவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மற்ற லைன்களுக்கு இன்னும் பழைய விதிதான், நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் பியாபோன்காரி செய்தி அனுப்பியிருந்தாள்: "வாரக் கணக்குன்னு சொல்றாங்களே, நெசமாக்கா?" நிஜம்தான், அந்த லைனில் காலர் மெஷின் ஒன்று காலியாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.