சென்சார் போகவில்லை, வயர்தான்

போன மழைக்காலத்தில் பைக்கின் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. கடையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். திரையில் இருந்த எரர் கோடு (code) பி0113.

பி என்றால் இன்ஜின், கியர் பக்கம். அடுத்த 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. அங்கே 1 இருந்தால் கம்பெனியின் சொந்தக் கோடு, சர்வீஸ் மேனுவல் இல்லாமல் புரியாது. மூன்றாவதாக வரும் 1, காற்றும் எரிபொருளும். மொத்தத்தில், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம். சர்க்யூட் என்றுதான் சொல்கிறது, சென்சார் என்று இல்லை, கவனியுங்கள். இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், 5 வோல்ட் கொடுக்கும், சென்சார் வழியாக அதில் கொஞ்சம் எர்த்துக்கு இறங்க வேண்டும், நடுவில் வயர் விட்டுப்போனால் அந்த 5 வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்கும், வோல்டேஜ் கூடினால் குளிர் என்று படிக்கும் இசியூ கணக்கில் வெளியே கடுங்குளிர், அதுவும் சென்னையில்! (பி0112 என்றால் தலைகீழ், பெரும்பாலும் ஷார்ட்.)

சரி என்று வீட்டில் வந்து டேங்கைத் தூக்கி கனெக்டரைப் பிடுங்கினேன். ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர், பழைய டூத் பிரஷ், பத்து நிமிடம். அப்புறம் அதே கடைக்குப் போய் எரரை மட்டும் அழிக்கச் சொன்னேன்.