எடை பார்க்க ஒரு கடிதம், மருந்துக்கு ஒரு படிவம்

இங்கிலாந்தில் பாடசாலை தொடங்கிய கையோடு பெற்றோருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எங்கள் மகள் ஆண்டு ஆறில் படிக்கிறாள், மகன் பாடசாலையின் தொடக்க வகுப்பான ரிசெப்ஷனில். தேசியத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்ப்பது இந்த இரண்டு வகுப்புகளில்தான். அதற்கு ஒரு கடிதம் வந்தது. ஃபுளூ தடுப்பு மருந்துக்கு இன்னொன்று.

இரண்டுக்கும் நடைமுறை வேறு. எடைக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்பவர்கள்தான் குறித்த திகதிக்குள் அறிவிக்க வேண்டும். தடுப்பு மருந்து அப்படியல்ல. பெற்றோர் படிவம் நிரப்பிச் சம்மதம் தர வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை நிறுவையில் ஏற்றுவதற்கும் அப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்றால், வகுப்பில் யாரோ "குண்டு" என்று சொன்ன நாளிலிருந்து மகள் கண்ணாடி முன் நிற்பதே இல்லை.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். பேசிய தாதி அவசரப்படாமல் பதில் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையாக, மற்றவர்கள் பார்க்காத இடத்தில், சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு நிறுப்பார்கள். எடை எவ்வளவு என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை. ஆசிரியர்களுக்கும் அது போகாது. முடிவு வீட்டுக்குத்தான் வரும். பெற்றோர் சம்மதித்திருந்தாலும், அன்றைக்குப் பிள்ளை மறுத்தால் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் சொன்ன பிறகுதான் மகளின் முகம் தெளிந்தது. "போகிறேன். ஆனால் கடிதம் வந்தால் நீங்கள் மட்டும் படியுங்கள், எனக்குச் சொல்லாதீர்கள்" என்றாள். அப்படியே செய்தோம். அவள் கேட்டுக்கொண்டபடி அதில் இருந்ததை இங்கும் எழுதவில்லை.

ஃபுளூ படிவம் இணையத்தில். சுகாதாரச் சேவை எண், குடும்ப வைத்தியரின் விபரம், ஒவ்வாமை, ஆஸ்துமா என்று கேள்விகள். எண் தெரியாதவர்கள் பிள்ளை பிறந்தபோது கொடுத்த சிவப்புப் புத்தகத்தைப் பார்க்கலாம். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த மாமி, "பிள்ளை, அந்த மூக்கு மருந்தில் பன்றி இருக்கிறதாமே?" என்று கேட்டார். கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வதந்தி அல்ல, உண்மை. மூக்கில் அடிக்கும் மருந்தில் பன்றியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த ஜெலட்டின் இருக்கிறது. நாங்கள் சைவம். அதற்காகத் தடுப்பு மருந்தையே வேண்டாம் என்று எழுதத் தேவையில்லை. ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேட்கலாம். இது தெரியாமல் மொத்தமாக மறுத்துவிடும் குடும்பங்கள் நம்மவர்களில் இருக்கின்றன. அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி என்று எழுதினேன், அதையே போட்டார்கள். மகன் அழுதான், சாயங்காலமே விளையாடப் போய்விட்டான்.

மூக்கு மருந்தை ஏற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிவம் நிரப்பும் நாளுக்கும் மருந்து கொடுக்கும் நாளுக்கும் இடையில் வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பிள்ளைக்கு இழுப்பு கூடினால், முன்பு எழுதியது போதும் என்று இருக்காமல் மருந்து கொடுக்கும் குழுவுக்கு அறிவித்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் ஆண்டு எட்டு. எச்பிவி தடுப்பூசி என்றதும், இந்த வயதில் எதற்கு என்று படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தாதி வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையும் விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டால் சுயமாகவே சம்மதிக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 1985-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் தீர்த்த விஷயம் இது. தாய்க்கு அதிர்ச்சிதான். ஆனால் அன்று இரவு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது என்பதைத் தாயும் மகளும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். தாய் தானே படிவத்தை நிரப்பி அனுப்பினார்.

கடைசி நாள் தவறிவிட்டால் பாடசாலை அலுவலகத்தோடு நிற்காதீர்கள். தடுப்பூசிக் குழுவின் எண் கடிதத்திலேயே இருக்கும். பாடசாலையில் தவறவிட்ட பிள்ளைகளுக்காக அவர்கள் வெளியில் கிளினிக் வைப்பார்கள். எப்போது, எங்கே என்று கேட்டால் சொல்வார்கள்.