நூலாய் நீண்ட பாக்டீரியா

இன்னைக்கு மைக்ராஸ்கோப்ல பார்த்த ஈ.கோலை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வழக்கமா 2 மைக்ரான் நீளமுள்ள குட்டிக் குச்சி. இதுவோ நூல் மாதிரி நீண்டு, வளைஞ்சு கிடக்குது!

இதோட எஃப்டிஎஸ்இசட் (FtsZ)ங்கிற புரதத்துல, 105ஆவது இடத்துல கிளைசின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா செரின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம். அவ்ளோதான் மாற்றம். செல்லோட நடுவுல வளையமா சேர்ந்து, இடுப்பை இறுக்கி, செல்லை ரெண்டாப் பிரிக்க வேண்டிய புரதம் அது. 30 டிகிரி செல்சியஸ்ல சமாளிச்சிடும். 42க்கு ஏத்தினா வளையம் கலைஞ்சிடும். ஆனா வளர்ச்சி நிக்காது, டிஎன்ஏ நகலெடுக்கிறதும் நிக்காது. சாயம் போட்டுப் பார்த்தா ஒரே நூலுக்குள்ள வரிசையா டிஎன்ஏ பொட்டுகள், நடுவுல ஒரு தடுப்புச் சுவர்கூட இல்ல.

செல் சரியா நடுவுலதான் பிரியணும்னு பார்த்துக்கிற ‘மின்’ மரபணுக்கள் (மின்சாரம் இல்லைங்க, பேரே அதான்) கெட்டா வேற கூத்து. ஓரமா வெட்டி, டிஎன்ஏவே இல்லாத குட்டி செல்லை உதிர்க்கும். எனக்கென்னவோ அதுதான் ரொம்பப் பாவம்.