அத்தை கேட்ட கேள்வி

"சளி புடிச்சா உடம்பே சரி பண்ணிக்குது. இந்தக் கட்டிய மட்டும் ஏன்டா கண்டுக்கல?" மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றிவிட்டுக் காவேரிப்பட்டணம் திரும்பிய அத்தை கேட்டார். பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிற எனக்கு அதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களைத் துண்டுகளாக்கி மேற்பரப்பில் வைத்துக் காட்டுகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அவற்றைத் தடவிப் பார்த்தபடி போகும். மரபணு பிசகினால் புதுத் துண்டு முளைக்கும். அதுதான் கட்டியின் எதிர்ச்செனி (ஆன்டிஜென்), டி செல்லுக்கான அடையாளம். ஆனால் புற்றுசெல் நம் சொந்த செல்தானே? பெரும்பாலான துண்டுகள் பழையவை, டி செல் கண்டுகொள்ளாது. சில கட்டிகள் துண்டுகளைக் காட்டுவதையே நிறுத்திவிடும். இன்னும் சில, டி செல்லில் உள்ள பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திவிடும். இதுபோன்ற பிரேக்குகளை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பெற்றார்கள்.

எல்லாக் கட்டிக்கும் அந்த மருந்து கேட்காது. வெயிலால் மரபணு ஏகத்துக்கும் சிதைந்த மெலனோமா என்ற தோல் புற்றில் புதுத் துண்டுகள் அதிகம், நன்றாகக் கேட்கிறது. மார்பகக் கட்டிகளில் பொதுவாகக் குறைவு.

அப்புறம், யாரோ கொடுத்தார்கள் என்று அத்தை வைத்திருந்த 'எதிர்ப்புச் சக்திப் பொடி'. அது இந்தப் பிரேக்கை எடுக்காது, அத்தை. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.