நான் சொல்லாத கணக்கு

“அப்ப 20 ரூபாதானே தம்பி கூடியிருக்கு?” என்று அந்த அக்கா கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில்தான் இத்தனை வருடமாக மனதைக் குடைகிறது.

அப்போது நான் தொழிற்சங்கத்தில் வேலை செய்தேன். 2019 ஜனவரி கடைசியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிச் சங்கங்களும் கம்பெனிகளும் செய்யும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாளுக்கு ஆயிரம் ரூபா கேட்டு, முந்தின டிசம்பரில் வேலையை நிறுத்திச் சம்பளத்தை இழந்த சனங்கள். அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. தேயிலை விலையை ஒட்டித் தரும் விலைப் பங்கு 30 ரூபா 50 ஆனது. ஆனால் வருகைக்கான கொடுப்பனவு 60உம் உற்பத்திக்கான கொடுப்பனவு 140உம் நீக்கப்பட்டுவிட்டன. 730 இருந்தது, 750. அக்காவின் கணக்கில் பிழையே இல்லை. இடுப்பில் கட்டிய படங்கின் மடிப்பிலிருந்து சம்பளத் துண்டை எடுத்து விரிக்கப் போனார். கொழுந்துக் கறை ஏறி, வெடித்துக் கிடந்த கட்டைவிரல். நான் விரிக்க விடவில்லை.

“தலைவர் கையெழுத்து வச்சிருக்காருன்னா காரணம் இல்லாமலா அக்கா? வோட்டில்லாம, நாடில்லாம கிடந்தப்ப நமக்காக நின்னது யாரு?”

வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களமே அமைதியானது. துண்டை மடித்து வைத்துவிட்டு, “அது சரிதான்” என்றார்.

1948இல் குடியுரிமை பறிபோன கதையை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடும் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

இத்தனைக்கும் உண்மையான கணக்கு என்னிடம் இருந்தது. அடிப்படைச் சம்பளம் கூடினால், ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதிக்குக் கம்பெனி கட்டும் 12 சதவீதமும் கூடும். காய்ச்சலில் பல நாள் தவறினால் முன்பு அந்த 60 போய்விடும். கொழுந்து இல்லாத மாதத்தில் 140ஐக் கண்ணால் காணாதவர்கள் எத்தனை பேர்! அந்த ஒப்பந்தம் முழுக்க மோசம் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பிறகு ஏன் சொல்லவில்லை? எல்லாரும் கோபமாக நின்றார்கள், விளக்கப் போனால் கேள்வி மேல் கேள்வி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வந்திருக்கட்டுமே. சம்பளம் அவர்களுடையதுதானே.

அப்படிப் பேசச் சொல்லி மேலிருந்து யாரும் என்னை ஏவவில்லை. அதுதான் கூடுதலாக உறுத்துகிறது. அந்தச் சனங்களைவிட எனக்குத்தான் விசுவாசம் அதிகமோ என்னவோ. தலைவர் என்று வாயெடுத்ததும் எனக்கே அந்த 20 ரூபா பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அப்புறம் சங்க வேலையை விட்டுவிட்டேன். இது மட்டும் காரணமில்லை. 2020 தேர்தலுக்கு முன், ஹட்டன் பஸ் நிலையத்தில் அதே அக்காவைக் கண்டேன்.

“யாருக்குப் போடணும் தம்பி? நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

“உங்க மனசுக்குப் பட்டவங்களுக்குப் போடுங்க அக்கா.”

அவர் முகம் வாடிவிட்டது. “என்ன தம்பி, நீங்களும் இப்படிக் கைவிட்டுட்டீங்களே” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.