கணவாய்க் காற்றில் நிற்கிற பசுமைக்குடில்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் வீடு. பின்பக்கம் ஆறு சென்ட் காலி இடம் உண்டு. அதில் இரண்டு வருடமாக ஒரு சின்னப் பசுமைக்குடில் நிற்கிறது. பத்தடி அகலம், இருபதடி நீளம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆச்சுங்க?" என்பதுதான். 13,900 ரூபாய் என்று சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் 7,500 ரூபாய் வீணாய்ப் போனதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

அந்த 7,500 ரூபாய்க்கு வந்தது பெட்டியில் மடக்கி அனுப்புகிற குடில். விரல் தடிமனில் குழாய்கள், மூலைக்கு மூலை பிளாஸ்டிக் மூட்டு, மேலே பிளாஸ்டிக் உறை, ஜிப் வைத்த கதவு. மாசி மாதம் வந்து இறங்கியது. நானும் வீட்டுக்காரரும் ஒரே சாயங்காலத்தில் நிறுத்திவிட்டோம். உள்ளே இருபது தக்காளி, பத்து மிளகாய்ச் செடி.

பங்குனி பிறந்ததும் உள்ளே நிற்க முடியவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே 37 டிகிரி, உள்ளே 46. வாங்கி வைத்த வெப்பமானி கெட்டுவிட்டதோ என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கெடவில்லை. தக்காளி நன்றாகப் பூத்தது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், காய் பிடிக்காது. இதை அப்போது நான் அறியவில்லை. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். அப்புறம் ஆனிக்காற்று வந்தது. ஒரு ராத்திரி ஓட்டுவீடே அதிர்கிற மாதிரி அடித்தது. காலையில் பார்த்தால் உறை பக்கத்துத் தோட்டத்துப் பனைமரத்தில் தொங்குகிறது, குழாயெல்லாம் வளைந்து கிடக்கிறது. செடிகள் மட்டும் அப்படியே நின்றன.

நிதானமாக யோசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. அந்த மாதிரிக் குடில் குளிர்நாட்டுக்காரர்களின் தேவைக்குப் பிறந்தது. பனியில் செடி செத்துப்போகாமல் வெயிலின் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகச் சுற்றிலும் மூடுகிறார்கள். இங்கே 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி அடித்தது. நமக்குச் சூட்டைச் சேர்த்து என்ன ஆக வேண்டும்? நமக்குத் தேவை வேறு. ஐப்பசி மழை செடியை நேராக அடிக்கக் கூடாது. சித்திரை வெயில் கொஞ்சம் தணிய வேண்டும். வெள்ளை ஈ உள்ளே வரக் கூடாது. இந்த மூன்றுக்கும் மேலே கூரை போதும், பக்கங்களில் வலை போதும். சுவர் மாதிரி பிளாஸ்டிக் எதற்கும் வேண்டாம்.

இதை எனக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னவர் கல்யாணப் பந்தல் போடுகிற அண்ணன் ஒருவர். வளைந்த குழாய்களைப் பார்த்துவிட்டு, "காத்தை எதுக்குங்க அம்மிணி மறிக்கிறீங்க? இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகட்டும், உடுங்க" என்றார். அப்புறம் அவரே இடத்தைச் சுற்றி நடந்து பார்த்து, நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைக்கச் சொன்னார்.

காரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போய்க் கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் அந்த வாசல் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகை மார்கழியில் அதே வாசலில் கிழக்கிலிருந்து அடிக்கும். மலையாளத்தில் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். ஆக, வருடத்தில் இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில். நீளவாட்டம் வடக்கு தெற்காக இருந்தால் இருபதடிப் பக்கம் முழுவதும் காற்றை வாங்கும். கிழக்கு மேற்காக இருந்தால் பத்தடி முகப்புதான் வாங்கும், அதுவும் வலை. சூடான காற்று மேலே வெளியேற முகட்டில் ஓரடி இடைவெளி விட்டோம். அதை வடக்குப் பக்கம் பார்க்க வைத்ததால் இரண்டு காற்றும் அதற்குள் நேராக நுழைவதில்லை. உயரத்தையும் குறைக்கவில்லை. ஓரத்தில் எட்டடி, முகட்டில் பத்தரை அடி. தாழ்வாகப் போட்டால் சூடு தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

பணத்தைக் குழாயில் போடுங்கள், உறையில் மிச்சம் பிடியுங்கள். குடில் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். உறை எப்படியும் மூன்று நாலு வருடத்தில் மாற்றப் போகிற சாமான். சட்டம் பதினைந்து வருடம் நிற்க வேண்டியது. பொள்ளாச்சியில் பழைய இரும்புக் கடையில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எடை போட்டு வாங்கினோம், 6,200 ரூபாய். துருப்பிடித்ததையும், சுவர் மெலிந்ததையும் அண்ணன் தட்டிப் பார்த்தே ஒதுக்கிவிட்டார். ஆறு கால், ஒவ்வொன்றும் இரண்டடி ஆழத்தில் கான்கிரீட். கமுகு வாரியிலும் (பாக்கு மரத்தைப் பிளந்த சட்டம்) போடலாம், இன்னும் மலிவு. ஆனால் மண்ணுக்குள் இருக்கிற பாகம் சீக்கிரம் உளுத்துப்போகும், கரையான் வேறு. பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு முட்டை ஓடு மாதிரி நொறுங்கும்.

கூரைக்கு 200 மைக்ரான் தடிமனில் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் ஷீட், 1,150 ரூபாய். கடையில் கேட்கும்போது 'யூவி ஷீட்' என்று சொல்லிக் கேட்க வேண்டும். தார்ப்பாய் விற்கிற இடத்தில் கிடைக்கிற சாதாரண வெள்ளை ஷீட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு கோடைக்குப் பிறகு பொடிந்துவிடும். ஷீட் முதலில் கிழிவது சூடேறிய குழாயில் படுகிற இடத்தில்தான். அதனால் ஷீட் படுகிற பைப்புகளின் மேற்பக்கத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். ஒரு சாயங்கால வேலை, செலவும் அதிகமில்லை. இன்னொன்று: கந்தகத் தூள் தெளிக்கிற பழக்கம் இருந்தால் கூரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷீட்டின் ஆயுளைக் குறைத்துவிடும்.

நாலு பக்கமும் 40 மெஷ் பூச்சிவலை, 2,050 ரூபாய். 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு நாற்பது கண். வெள்ளை ஈக்கு 50 இன்னும் நல்லது, ஆனால் கண் சிறியதாகச் சிறியதாகக் காற்றும் குறையும். நான் காற்றுக்காக 40 எடுத்தேன். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டல் வைரஸ் நோய் முழுதாக நிற்கவில்லை. ஆனால் முன்பு இருபது தக்காளியில் பதினைந்தைப் பிடுங்கி எறிந்தேன், இப்போது ஒன்றோ இரண்டோதான். வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. வந்ததும் பிடுங்கிவிட வேண்டும், மனது கேட்காதுதான். வலை மண்ணில் இருக்கிற வாடல் நோயையும் தடுக்காது. அதற்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அனகா தக்காளியும் உஜ்வலா மிளகாயும் போடுகிறேன். பாக்டீரியா வாடலைத் தாங்குகிற ரகங்கள்.

நிழல்வலையில் ஒரு தப்புச் செய்தேன். வெயில் அதிகம், வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கிற வலை நல்லது என்று முதலில் அதைக் கட்டினேன். கொத்தமல்லி நூல் நூலாக நீண்டு சாய்ந்தது, தக்காளி உயரமாக வளர்ந்து காய்க்காமல் நின்றது. 50 சதவீதம் போதும், 900 ரூபாய். அதையும் கயிற்றில் கோத்து இழுத்து மூடித் திறக்கிற மாதிரி போட்டிருக்கிறோம். மாசியிலிருந்து வைகாசிவரைதான் மூடுவது. ஆடி மழை மூட்டத்தில் நிழல்வலையை விட்டுவைத்தால் செடிக்கு வெளிச்சமே இராது. மீதி 3,600 ரூபாய் கான்கிரீட், போல்ட், கிளாம்ப், அண்ணனுக்கும் உதவியாளுக்கும் கூலி.

எங்கள் அத்தைக்குப் பாகற்காய் என்றால் உயிர். "ஓரத்துல ஒரு பாகல் ஏத்தி உடு கண்ணு, இவ்வளவு பைப் இருக்குதல்லோ" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வலைக்குள் தேனீ வராது, பாகலும் புடலும் பீர்க்கும் வெறும் பூவாகவே உதிரும். வைக்க வேண்டுமென்றால் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நாமே தொட வேண்டும். பாகலுக்குக் காலையில், பீர்க்குக்குப் பொழுது சாய்கிற நேரத்தில். என்னால் தினமும் ஆகாது. அதனால் கொடிகளுக்கு வெளியே தனிப் பந்தல் போட்டுக் கொடுத்தேன், அத்தை அதைத்தான் தன் தோட்டம் என்கிறார். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இந்தக் கவலை இல்லை. காலையில் செடியைக் கட்டிய கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் பூ ஆடி மகரந்தம் விழுந்துவிடும்.

தண்ணீர்தான் நான் எதிர்பாராத விஷயம். கூரை போட்டதும் உள்ளே மழையே விழாது. எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். மழை கழுவிவிடாததால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கும். ஆறு மாதத்தில் மண்மேல் வெள்ளைப் பூப்பூத்தது. இப்போது கூரையின் இரண்டு ஓரத்திலும் பாதியாகப் பிளந்த பைப்பைக் கட்டி டிரம்மில் விட்டிருக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தச் சின்னக் கூரையிலிருந்து 180 லிட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், சிந்தியது போகக் கிட்டத்தட்ட ஒரு டிரம் நிறைகிறது. குழித்தட்டில் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு) வளர்க்கிற நாற்றுக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

நடுக் குழாய்க்கு மேலே ஷீட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் விழுந்திருக்கிறது. அங்கேதான் பெயின்ட் சரியாகப் படவில்லை. இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறேன். புது ஷீட் வாங்கி வைத்தாயிற்று. காற்று அடங்குகிற புரட்டாசியில் ஒரு நாள் விடியக்காலம் மாற்றித் தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பழைய ஷீட்டில் நல்ல பாகத்தை வெட்டி மண்புழு உரத்தொட்டிக்கு மேலே போட அத்தை இப்போதே அளவெடுத்து வைத்துவிட்டார்.